பச்சை மணம்

றெஜினா அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை காலை ஏழு மணிக்கு, சென்ட் லோரன்டில் என் வீட்டு வாசலில் காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது. அவருடைய மகள் டிலானி அழைத்து, "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மிச்சப் பனியையும் தள்ளி முடித்தேன். இரண்டாம் தடவை அன்று மத்தியானம், நாங்கள் இருவரும் வேலை செய்த ஆய்வு நிலையம் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில். முதலில் பிரெஞ்சு, கீழே ஆங்கிலம். "எங்கள் துப்புரவுப் பிரிவின் புன்னகை மாறாத உறுப்பினர்" என்று எழுதியிருந்தார்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

புன்னகை மாறாதவராம்! பதினொரு வருடம் பக்கத்து அறையில் வேலை செய்தவன் சொல்கிறேன், அந்த மனுஷி காரணமில்லாமல் ஒருநாளும் சிரித்ததில்லை. துப்புரவுப் பிரிவு என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி டிலானி கேட்டாள். "நீங்கள் வடிவாய் எழுதுவீங்கள், மாமா" என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாது. நான் வடிவாய் எழுதியதில்தான் எல்லாம் கெட்டது. றெஜினா அக்காவின் ரொக்ஸ்பரோ வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவர்களே, பங்குக் கோவிலில் அவரோடு முழந்தாளில் நின்றவர்களே, கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். அன்பின் உருவம், பண்பின் சிகரம் எல்லாம் இதில் வராது. அவற்றை மற்றப் பக்கங்களில் தாராளமாகப் போட்டிருப்பார்கள்.

அவர் மன்னார், நான் மட்டக்களப்பு. அவர் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவிவிட்டு, பிறகு எங்கள் நிலையத்துக்குத் தரை துடைக்க வந்தார். நான் அங்கே எண்ணெய் வடித்து, அதை 'ஜீசி' என்ற இயந்திரத்தில் ஏற்றி, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறவன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. கோபம் வந்தால் மட்டும் என்னைத் தம்பி என்பார்.

நாங்கள் வளர்த்தது ஒரு பாலைவனத்துச் செடி. முழங்கால் உயரப் புதர், சாம்பல் பூத்த சின்ன இலை, தொட்டால் விரலில் மணம் ஒட்டிக்கொள்ளும். சொந்த மண்ணில் விறகுக்கும் எண்ணெய்க்குமாக வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, இப்போது சில வறண்ட பள்ளத்தாக்குகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்த நாடு, என்ன இலத்தீன் பெயர் என்று வெளியில் சொல்லக் கூடாதென எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். றெஜினா அக்கா அதைச் சாம்பலி என்று கூப்பிட்டார். கொஞ்ச நாளில் பிரெஞ்சுக்காரப் பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். எந்தப் பருவத்தில், எவ்வளவு வெட்டினால் நல்ல எண்ணெய் கிடைக்கும், செடியும் சாகாது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டம். கண்டுபிடித்தால் காட்டில் பிடுங்காமல் தோட்டத்தில் வளர்க்கலாம். நல்ல திட்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

முதல் இரண்டு தடவை முளைத்த கன்றுகள் எல்லாம் அழுகிப்போயின. படித்த பிள்ளைகள் அளவு பார்த்து, நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார்கள். றெஜினா அக்கா தரை துடைக்கும் தும்புக்கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு இதைப் பார்த்து நிற்பார். ஒருநாள் நேரே என்னிடம் வந்தார்.

"தண்ணி குடுத்துக் கொல்லுறாங்கள். அது தாகத்தில வளருற சாமான் எண்டு அவையளிட்டைச் சொல்லும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?"

"இலையைப் பாரும். நரைச்ச இலையெல்லே. தண்ணி கேக்கிற செடி இப்பிடியே இருக்கும்?"

நான் போய் இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனாலும் பத்து விதையை விட்டுக் கொடுத்தார். அக்கா தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டு, கட்டட மணலும் செங்கல் நொறுக்கலும் கலந்து போட்டார். ஒன்பது முளைத்து நின்றன. அதன் பிறகு மிச்ச விதையும் அவர் கைக்கு வந்தது. மொத்தம் பத்தொன்பது செடி. தும்புக்கட்டை வேறொருவருக்குப் போனது. கண்ணாடிக் கூடத்தைப் பிரெஞ்சில் 'ஸேர்' என்பார்கள். "நான் சேரிட்டைப் போறன்" என்று அக்கா சொல்ல, கோவிலில் ஒருவர் யார் அந்த சேர், எங்கே படிப்பிக்கிறவர் என்று விசாரித்தாராம்.

பத்தொன்பதுக்கும் புனிதர்களின் பெயர் வைத்தார். இலக்கமிட்ட அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார். "செபஸ்தியாருக்கு இண்டைக்குத் தண்ணி இல்லை" என்பார். "லூசியா வாடுறா, லைட்டை இஞ்சால திருப்பும்" என்பார். நான் இந்து. எனக்கே பத்தொன்பது புனிதர்களும் பாடமாகிவிட்டார்கள்.

அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். ஒருமுறை வடித்த எண்ணெயில் எங்கள் இயந்திரம் இதுவரை காணாத ஒரு பொருளைக் காட்டியது. புதுப் பொருள் அகப்பட்டுவிட்டது என்று மூன்று நாள் கூத்தாடினோம். கேக்கும் வெட்டினோம். கேக் சாப்பிட வந்த அக்கா காகிதத் துண்டில் ஒரு சொட்டை முகர்ந்துவிட்டு, "இது பழஞ்செருப்பு மணம்" என்றார். போய்ப் பார்த்தால், வடிக்கும் கருவியின் றப்பர் குழாய் சூட்டில் உருகிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியிலும் நாலு இலையைக் கசக்கி முகர்ந்து, டிப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தமிழில் எழுதிவைத்தார். இயக்குநரே அப்படி எழுதச் சொல்லியிருந்தார்.

பிறகு அந்தக் கொப்பியை ஆங்கிலத்தில் தர முடியுமா என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். முடியுமா என்று என்னைக் கேட்பதா! இந்த நகரத்துத் தமிழ் விழா மலர்களில் என் கட்டுரை வராத வருடமில்லை. இரண்டு மத்தியான இடைவேளையில், சாண்ட்விச்சைக் கடித்தபடி, முப்பது பக்கத்தையும் முடித்துக் கொடுத்தேன். அக்கா இருபது அடி தள்ளித் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைக்கூடப் போய்க் கேட்கவில்லை. எனக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டுமா என்ற திமிர்.

கொப்பியில் திரும்பத் திரும்ப வந்த வரி இது: "பச்சை மணம். பொறுக்கோணும்."

நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் திருப்பித் தமிழில் சொன்னால்: "பசும் இலையின் மணம். பொறுக்கி எடுக்க வேண்டும்."

உங்களில் அடுப்படியில் நிற்கிறவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. வாசனைத் தொழிலில் பச்சை மணம் என்பது பாராட்டு. புல்லை வெட்டியதும் வருமே, அந்தப் புது மணம். முதல் சொல்லை அப்படி எடுத்துவிட்டேன். இரண்டாவது தானாக அதன் பின்னால் போனது. நல்ல மணம் வந்துவிட்டது, ஆகவே பொறுக்கு. வாக்கியம் பொருந்திவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சி வேறு.

டிலானிக்குப் பிள்ளை பிறக்க இருந்ததால் அக்கா இரண்டு கிழமை லீவு எடுத்து ரொறன்ரோ போனார். அந்த இரண்டு கிழமைக்குள் ஒரு வாசனைக் கம்பனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட எண்ணெய் வேண்டும். இயக்குநர் என் மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பார்த்தார். எல்லாச் செடிக்கும் நேரே 'பொறுக்கி எடுக்க வேண்டும்' என்று இருக்கிறது. வெட்டச் சொன்னார். நாலு பேர் கத்தரிக்கோலோடு போய் ஒரு காலைக்குள் பத்தொன்பதையும் மொட்டையாக்கினார்கள். இலையை வாங்கி வடித்தது நான். அது இளம்பச்சை நிறத்தில், மூக்கில் அடிக்கிற மாதிரி ஓர் எண்ணெய். வந்தவர்கள் முகர்ந்து பார்த்தார்கள், மெர்சி என்று நன்றி சொன்னார்கள், போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்துக்கு எல்லோருக்கும் தொதல் என்ற இனிப்புக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெட்டியைக் கையில் வைத்தபடியே கூடத்தின் நடுவில் நின்றார்.

"ஆர் வெட்டினது?"

"இயக்குநர்தான் சொன்னவர். உங்கட கொப்பியில இருந்தபடிதான் வெட்டினது."

"வெட்டச் சொல்லி நான் எங்க எழுதினனான்? அவையளுக்குக் குடுத்த கடுதாசியைக் கொண்டு வாரும். திருப்பித் தமிழில வாசியும்."

வாசித்தேன். பசும் இலையின் மணம், பொறுக்கி எடுக்க வேண்டும். பசும் இலையின் மணம், பொறுக்கி எடுக்க வேண்டும். மூன்றாம் தடவை வாசிக்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா தொதல் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தம்பி, நீர் பிறந்ததில இருந்து ஒருநாளும் ஒரு குழம்பு வைக்கேல்லையோ?"

வைக்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் குழம்பு தின்றேன், ஒருநாளும் வைக்கவில்லை. குழம்பில் தூளைப் போட்டால் முதலில் ஒரு வேகாத மணம் வரும். அது போகும்வரை இறக்கக் கூடாது. அந்த மணத்தைத்தான் ஊர் உலகத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் பச்சை மணம் என்கிறார்கள். நிறத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொறுக்கோணும் என்றால் பொறுத்திருக்க வேண்டும். செடி இன்னும் ஆகவில்லை, தண்டு முற்றவில்லை, கை வைக்காதே என்று அந்த மனுஷி கிழமைக்குக் கிழமை எழுதிவைத்திருக்கிறார். வெட்டு வெட்டு என்று நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

தண்டு முற்றாத செடிக்கு வெட்டுக்காயத்திலிருந்து எழும்பப் பலமில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. செத்த செடியின் பெயர் அட்டையை அக்கா கழற்றித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். பதினேழு அட்டை. அந்தோனியாரும் லூசியாவும் மட்டும் தப்பினார்கள்.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான பகுதி. என்ன நடந்தது என்று விசாரிக்க இயக்குநர் அக்காவை அழைத்தார். மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார். அக்காவுக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவு தெரியும், வழக்காடப் போதாது. இவ்வளவு பிழையான குறிப்பை ஏன் எழுதினீர்கள் என்று இயக்குநர் கேட்டார்.  அக்கா, சொல்லும் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். நான் மேசையைப் பார்த்தேன்.

"சரி, நீர் சொல்ல மாட்டீர்" என்றார் அக்கா. "மிச்சம் ரெண்டு இருக்கு. அதுகளைப் பாக்க என்னை விடச் சொல்லிக் கேளும். அதையெண்டாலும் ஒழுங்காச் சொல்லும்."

பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். முன்பாதியை விழுங்கிவிட்டேன். வாழ்நாளில் நான் தெரிந்தே செய்த பிழை மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். அது எந்தக் கொப்பியிலும் இல்லை.

நிலையத்தின் அறிக்கையில் ஒரு வரி ஏறியது: "பயிற்சியற்ற ஊழியர் ஒருவரின் தவறான குறிப்புகளால் முதல் அறுவடை தோல்வியடைந்தது." பயிற்சியற்றவராம்! அவர்கள் தண்ணீரில் அழுகவிட்டதை மணலில் முளைக்கவைத்தவர், அவர்கள் கேக் வெட்டிய இடத்தில் பழஞ்செருப்பைக் கண்டுபிடித்தவர், பயிற்சியற்றவர். மொழிபெயர்ப்பை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்காத இயக்குநர் பயிற்சியுள்ளவர். வாயை மூடிக்கொண்டிருந்த நான் பயிற்சியுள்ளவன். அக்காவைத் திரும்பவும் தரை துடைக்கப் போட்டார்கள். துப்புரவுப் பிரிவு என்று மின்னஞ்சலில் வந்தது அப்படித்தான்.

ஏழு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. காலையில் நான் வணக்கம் சொன்னால் தும்புக்கட்டையைப் பார்ப்பார். எல்லாவற்றையும் மன்னித்த தாயுள்ளம் என்று திருப்பலியன்று யாராவது எழும்பிப் பேசினால், தயவுசெய்து வேண்டாம். எனக்கு எதிரே அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த இரண்டு செடியையும் பார்த்தார். தன் சொந்த நேரத்தில். இரண்டும் தண்டு முற்றி, பூத்து, விதைத்தன. அந்த விதையில் பதினான்கு கன்றுகள் நிமிர்ந்தன. ஏழு மாதத்துக்குப் பிறகு என்னோடு அவர் கதைத்த முதல் வார்த்தை, "பதினாலு" என்பதுதான். இதுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பேர் ஒண்டும் இல்லை. புனிதர்களைக் கொண்டுபோய் வெட்டக் குடுத்தது காணும்" என்றார்.

கடந்த இலையுதிர் காலத்தில் நோய் என்றார்கள். கணையத்தில். நான் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை போனேன். அக்கா பாதியாகியிருந்தார். பழங்கள் கொண்டுபோன பையை வைத்துவிட்டு, மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் சொல்லியிருக்கோணும். என்னை மன்னியுங்கோ."

"என்னட்டைச் சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத மனிசனிட்டைப் போய்ச் சொல்லும்."

"ஓம், சொல்லுறன்."

"எப்ப?"

"பேந்து... இந்தக் கிழமைக்குள்ள."

"பதினாலும் இன்னும் ஆகேல்லை. உமக்குப் பேந்து பேந்து எண்டு ஒரு நோய். அதுக்குள்ள அவங்கள் கத்தரிக்கோலோட வந்திடுவாங்கள்."

அந்தக் கிழமை சொல்லவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. நத்தார்ப் பண்டிகை வந்தது, இயக்குநர் விடுமுறையில் போனார், நல்ல சாட்டு. பிறகு பனி தள்ளிக்கொண்டிருந்த அந்தக் காலை வந்தது.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு இயக்குநர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். "எங்கள் செடிகளுக்கு அவர் தாய் மாதிரி" என்று டிலானியின் கையைப் பிடித்துச் சொன்னார். நம் ஆட்கள் மட்டும் குறைவா? "இன்னும் உந்தத் துடைக்கிற வேலைதானோ?" என்று கோவில் வாசலில் அவரைக் கேட்டவர்களே, இறந்ததும் 'தாவர விஞ்ஞானி' என்று அஞ்சலிச் சுவரொட்டி அடித்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தச் செடி எப்படி இருக்கும் என்று ஒருவராவது கேட்டீர்களா? எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. பெட்டிக்குள் கிடந்தவர் ஒருவரிடம்தான் கோபம் இல்லை. எல்லோரிலும் முதல் குற்றவாளி நான் என்பதால் வாயைத் திறக்கவும் வழியில்லை.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை இயக்குநரின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. பிழை அக்காவுடையதல்ல, என்னுடையது என்று சொன்னேன். பச்சை என்ற சொல்லையும் பொறுக்க என்ற சொல்லையும் பலகையில் எழுதிக் காட்டினேன். விசாரணையில் நான் விழுங்கிய பாதியையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடமாகிவிட்டது, அறிக்கை அச்சாகிவிட்டது, அவரும் இப்போது இல்லை, இதைக் கிளறுவது குடும்பத்துக்கு நல்லதா என்று கேட்டார். பிறகு, பேச்சோடு பேச்சாக, புதுச் செடிகளை இந்த மாதக் கடைசியில் வெட்டுவதாக ஏற்பாடு, கம்பனியிலிருந்து திரும்ப வருகிறார்கள் என்றார்.

டிலானி கொடுத்த கொப்பி என் பையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அக்கா எழுதிய கடைசி வரியை இயக்குநருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். நம் கூடத்தில் ஒரு தடவை கொன்றது போதாதா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அறிக்கையில் அந்த வரியைத் திருத்தும்வரை என் மேசையில் ஒரு சொட்டு எண்ணெயும் வடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் ஒப்பந்தம் இந்த வருடமும் புதுப்பிக்க வேண்டியதுதான். அது கிடக்கட்டும்.

திருப்பலிக்கு இயக்குநரையும் டிலானி அழைத்திருக்கிறாள். இந்தப் பக்கங்களை இரண்டு மொழியிலும் பெயர்த்து அவர் கையில் கொடுக்கப்போகிறேன். இம்முறை தனியாகச் செய்யவில்லை. முப்பது பக்கக் கொப்பியையும் மனைவியோடு அடுப்படியில் நின்று, சொல்லுக்குச் சொல் கேட்டுத் திருத்தினேன். அவள் குழம்பில் தூளைப் போட்டு, அகப்பையை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "இதுதான். இப்ப விளங்குதோ?" என்றாள். விளங்கியது. கண் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இப்போது என் வேலை.

றெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது கனக்க இல்லை. பதினேழு பெயர் அட்டை, ஒரு கொப்பி, கண்ணாடிக் கூடத்தின் சாவி. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய், பதினான்கு செடியிலும் ஒவ்வோர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கிறேன். அவருடைய வரிக்குக் கீழே, தேதி போட்டு, என் கையால் அதே வரியை எழுதுகிறேன். இன்று காலையும் எழுதினேன்.

பச்சை மணம். பொறுக்கோணும்.